பக்கவாசல் வழியாக வந்த பூ

மரியே துணை

தனுவச்சபுரம்,
பாறசாலை வழி.
கர்க்கடக மாதம், வியாழக்கிழமை

அன்பு மகன் டிக்சனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் ரெஷ்மாவும் சுகம், என் இடது கை மட்டும் சுகமில்லை. நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நம்புவதற்கு முன் உன்னிடம் கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, பிறகு எதற்கு அம்மா தபால் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது மக்கா. நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய், பேசும்போது உன் கண் ஒரு பக்கமாகப் போய்ப் போய் வருகிறது, அங்கே யார் நிற்கிறார்கள் என்று கேட்டால் சுவர் என்கிறாய். போன மாதம் பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது, கூடத் தங்கியிருக்கும் ரெஜி கழுவுகிறான் என்றாய். ரெஜியைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும், சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத பிள்ளை, அவன் மால்ட்டாவுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிறானாம், யாருக்குக் காது குத்துகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு நீ மட்டும் முதலில் படி. அப்புறம் வேறு யார் படிக்கலாம் என்பதைக் கடைசியில் நானே சொல்கிறேன். கவரை ஒட்டியதோடு விடாமல் ஓரத்தைச் சிவப்பு நூலால் தைத்திருக்கிறேன், உன் கைக்கு வந்து சேரும்போது தையல் பிரிந்திருந்தால் எனக்கு உடனே சொல்ல வேண்டும்.

விஷயம் பூவில் தொடங்கியது. போன வாரம் செவ்வாய்க்கிழமை மழை கொஞ்சம் விட்ட நேரம், நான் மிஷின் அறையில் உட்கார்ந்து ரெஷ்மா போடும் தையலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்த நாளிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் வேலை. அப்போது நம் சந்துக்குள் நெய்யாற்றின்கரை சிவதாணு பூக்கடை ஆட்டோ வந்தது. உனக்கு அந்த ஆட்டோவைத் தெரியும், பின்னால் பூப்படம் வரைந்து வைத்திருப்பார்களே, அது. அந்த ஆட்டோ இரண்டு இடத்துக்குத்தான் போகும், காருக்குப் பூக்கட்டக் கல்யாண வீட்டுக்கு, மலர்வளையம், அதான் ரீத்து, வைக்கச் சாவு வீட்டுக்கு. அடைமழைக் கர்க்கடகத்தில் யார் வீட்டில் கல்யாணம்? சந்தில் இருந்த ஜன்னல் திரையெல்லாம் ஒரே நேரத்தில் அசைந்தது. வண்டி நம் வீட்டுப் பக்கம் நின்றது, ஆனால் முன்கேட்டுக்கு வரவில்லை. ஓட்டி வந்தவர் இறங்கி, பலாமரத்தைச் சுற்றி, நேராக மிஷின் அறையின் பக்கவாசலில் வந்து நின்றார். என் முதல் சந்தேகம் அங்கேயே விழுந்தது. புதிதாக வருகிற எவரும் முன்கேட்டுக்கு வந்து நம் சீசரிடம் குரைப்பு வாங்காமல் போனதில்லை, அந்த நாயின் குணம் தெரிந்தவர்கள்தான் பக்கவாசலுக்கு வருவார்கள். இந்த மனிதருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

கையில் ஒரு பெரிய பொக்கே. சிவப்பும் மஞ்சளுமாக ரோஜா, ஜெர்பரா, அடியில் பச்சை இலை, சுற்றிலும் பழுப்புத் தாள், பேர் இல்லை, அட்டை இல்லை. யாருக்கு என்றேன். "இந்த வீட்டு அம்மைக்கு ஆக்கும். கை வேகம் சொகமாவட்டுன்னு சொல்லச் சொன்னாவ" என்றார். யார் சொன்னார்கள் என்றேன், தெரியாது என்றார். நான் விடுவேனா, அவர் பேர், ஊர், லைசென்ஸ் எல்லாம் கேட்டேன், ரெஷ்மாவை விட்டு அவரைப் போட்டோ எடுக்கச் சொன்னேன், பூவை வாசலிலேயே வைக்கச் சொல்லித் துணி வெட்டும் கத்தரியால் உள்ளே குத்திக் கிளறிப் பார்த்தேன், இந்தக் காலத்தில் பார்சலில் எதை எதையெல்லாமோ வைத்து அனுப்புகிறார்கள் என்று டிவியில் காட்டுகிறார்களே. மழை திரும்பவும் தூறத் தொடங்கியது, அந்த மனிதர் நனைந்துகொண்டே நின்றார். உள்ளே வந்து நில்லுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நீயும் அங்கே வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கிறவன், லிஃப்டில் ஏறக் கூடாது, படி வழியாகப் போ என்று யாரோ சொன்னதாக ஒரு நாள் சொல்லிச் சிரித்தாயே, அது எனக்கு மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

அவர் திரும்புவதற்குள் பக்கத்து வீட்டுத் தங்கபாய் தலைவிரி கோலமாக மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள், பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள். நான் வாசலில் உயிரோடு நிற்பதைப் பார்த்து அவளுக்கு அழுகை பாதியில் நின்றுபோய், "அப்ப ஆருக்காக்கும் மக்கா?" என்று கேட்டாள். சந்து முக்கில் கறுப்புக் கொடி கட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊரில் சுகமில்லாதவர்களைப் பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் கொண்டுவருவார்கள், ஆரஞ்சு, ரொட்டி கொண்டுவருவார்கள், என் அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் கடை போல் நிற்கின்றன. பூ வருவது இனி ஹார்லிக்ஸ் குடிக்க முடியாது என்று ஆன பிறகுதான். தங்கபாய் போகும்போது பூவை நன்றாக ஒரு தடவை பார்த்து, என்னையும் பார்த்து, கடைசியில் ரெஷ்மாவைப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தக் கடைசிப் பார்வைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

ஆனால் எனக்கு முதலில் பயம் வந்தது ரெஷ்மாவை நினைத்து இல்லை, உன்னை நினைத்து. பெரியப்பா இறந்தபோது தோஹாவில் இருந்த மகன் விஜயனுக்கு லீவு கிடைக்கவில்லை, அவன் அங்கிருந்து போன் பண்ணி இதே கடையில் சொல்லி ரீத்து வந்தது, ரிப்பனில் அவன் பேர் எழுதி. பெரியம்மா அந்த ரீத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததை நீயும்தான் பார்த்தாய். கடல் தாண்டி இருக்கிற பிள்ளைகள் ஊருக்குப் பூச் சொல்லி அனுப்பினால் இங்கே எல்லாருக்கும் அது புரிகிற விதம் ஒன்றுதான், என்னால் வர முடியவில்லை, என் இடத்தில் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பது. ஓணத்துக்கு முன்னால் ரெஷ்மாவுக்கு மனச்சம்மதம், அதியன்னூர் மாப்பிள்ளை விஜின் வீட்டார் பங்குக் கோயிலுக்கு வந்து பாதிரியார் அச்சன் முன்னால் இரண்டு பேரிடமும் சம்மதம் கேட்கப் போகிற நாள், அண்ணன் நீ பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நீ வரமாட்டாய், அதைச் சொல்ல வாய் வராமல் பூவை அனுப்பியிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றிவிட்டது. உடனே உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்குப் பூ வந்தது என்றேன். எந்தப் பூ என்றாய். அதே மூச்சில், வாடாமல் வந்ததா அம்மா என்று கேட்டாய். எந்தப் பூ என்றே தெரியாதவன் வாடியதா வாடவில்லையா என்று கேட்பானா? அப்போது உன் பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்தது எனக்குக் கேட்டது. லீவு எழுதிக்கொடுத்தாயா என்று கேட்டேன், பார்க்கலாம் அம்மா என்றாய், அதோடு நெட்வொர்க் இல்லை என்று கட் ஆகிவிட்டது. உங்கள் தீவில் எனக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும்தான் நெட்வொர்க் போகிறது.

மறுநாள் காலையிலேயே விஜினின் அம்மா போன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, உங்கள் வீட்டுக்குப் பூ வந்ததாமே என்று மெதுவாகப் போட்டாள். தங்கபாயின் தங்கையை அதியன்னூரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது, அந்தச் செய்தி நம் ஊர் ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு வந்தது என்றேன். உங்களுக்கா என்று கேட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஐம்பது தாண்டிய தையல்காரிக்கு யார் பூ அனுப்புவார்கள், கல்யாணம் நிச்சயித்த பெண் இருக்கும் வீட்டுக்கு வந்த பூ யாருக்கு வந்திருக்கும் என்று அவள் நினைக்கிறாள் என்பது தெரிந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், போனை வைத்ததும் நானும் அதையே நினைத்தேன். ரெஷ்மாவுக்கு வேறு யாரோ இருக்கிறான், என் பேரைச் சொல்லிப் பூவை அனுப்பியிருக்கிறான், உனக்கு அது தெரியும், நீ தங்கைக்காக மறைக்கிறாய், அதனால்தான் எந்தப் பூ என்றும் கேட்டாய், வாடியதா என்றும் கேட்டாய் என்று எல்லாவற்றையும் கூட்டி வெட்டித் தைத்துவிட்டேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். இல்லை என்றாள். போனைத் தா என்றேன், லாக்கைத் திறந்து கையில் தந்தாள், அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே எனக்குச் சந்தேகமாகப் போயிற்று, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தானே தருகிறாய் என்றேன், கூடவே இன்னொரு வார்த்தையும் சொன்னேன், அதை இங்கே எழுத மாட்டேன். அவள் என் முன்னால் அழவில்லை. மிஷினில் போய் உட்கார்ந்து நூல் கோக்காமலே மிதித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் சாயங்காலம் வரை கேட்டது. அப்பா பொழியூரிலிருந்து மீன் விற்று ஆட்டோவில் வந்து, வீட்டில் யாரும் யாருடனும் பேசாததைப் பார்த்து, நீ போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள், தப்பித் தையலுக்கு வந்துவிட்டாய் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். கடற்கரையில் இருந்தவரை நான் இப்படி இல்லை என்று உனக்குத் தெரியும். அங்கே யார் வீட்டில் எந்தச் சட்டி கொதிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டைக் கடல் எடுத்து இங்கே வந்த பிறகு ஒவ்வொரு முகத்தையும் நானே அளந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினேன். கடைக்குப் போனால் சிவதாணு தரையில் உட்கார்ந்து ஒரு ரீத்துக்கு வெள்ளைப் பூக் குத்திக்கொண்டிருக்கிறார், எங்கே பார்த்தாலும் குண்டூசி. பூ வேண்டும் என்றேன். தலையைத் தூக்காமலே, "பாடி எப்ப எடுக்கும்?" என்று கேட்டார். உயிரோடு இருக்கிற ஆளுக்கு வந்த பூவைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றதும்தான் நிமிர்ந்தார், என் கைக்கட்டைப் பார்த்தார், எழுந்து நின்றுவிட்டார். நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து முதலிலேயே மன்னிப்புக் கேட்டார். அந்த ஆட்டோவில் அனுப்பக் கூடாது, அம்மை பயப்படுவார்கள் என்று அந்தப் பிள்ளை சொல்லித்தான் இருந்தது, என்னிடம் வேறு வண்டி இல்லை, என்ன செய்ய என்றார். எந்தப் பிள்ளை என்றேன். வெளிநாட்டு நம்பர், பெண் குரல், பேச்சு நம் பக்கத்துப் பேச்சு, அவ்வளவுதான் தெரியும் என்றார். போனில் தேடினால் நம் ஊருக்குப் பூக் கொண்டுவந்து தருவோம் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் எங்கோ பெரிய ஊரில் இருக்கிறார்களாம், அது சரிவராது என்று, படிக்கிற காலத்தில் பஸ்ஸில் போகும்போது பார்த்த இந்தக் கடைப் பலகையை ஞாபகம் வைத்து நம்பர் தேடிப் பிடித்தாளாம். வெள்ளைப் பூ ஒன்றுகூட வேண்டாம், வட்டமாகக் கட்ட வேண்டாம், ரிப்பன் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாளாம். வீட்டுக்கு வழியும் அவளே சொன்னாளாம், முன்கேட்டில் போனால் சீசர் பாயும், பலாமரத்தைச் சுற்றிப் பக்கவாசலுக்குப் போங்கள் என்று. நாய்க்குப் பேர் சொல்லியிருக்கிறாள் மக்கா. அப்போதே எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது, பக்கவாசலும் சீசரும் தெரிந்த பெண் என்றால் என்னிடம் துணி தைக்க வந்தவள். யார் பேரில் அனுப்ப என்று இவர் கேட்டதற்கு, பேர் வேண்டாம், இப்போது வேண்டாம் என்றாளாம். பிறகு சிவதாணு ஒன்று சொன்னார், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. "பூவுல ஒரு குண்டூசி கூடக் குத்தப்பிடாதுன்னு ரெண்டு மட்டம் சொல்லிச்சு அந்தப் பிள்ள. அம்மைக்க கையில குத்திருமாம்." இத்தனை வருடத்தில் குண்டூசி வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் இந்தப் பெண்தான், அதனால் எல்லாப் பூவையும் நூலால் கட்டினேன், விரல் தேய்ந்துவிட்டது என்று விரலைக் காட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை. வெள்ளறடையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ராஜப்பனின் மகள் ஜினி. தனுவச்சபுரத்தில் படிக்கும்போது என்னிடம்தான் சுடிதார் தைப்பாள், ஒவ்வொன்றிலும் பாக்கெட் வேண்டும் என்பாள், சுடிதாருக்கு எதற்குப் பாக்கெட் என்றால் கையை எங்கே வைப்பது அம்மை என்று கேட்பாள். ஒரு தடவை நான் மடிப்புக்குக் குத்திய குண்டூசியை எடுக்க மறந்துவிட்டேன், போட்டுப் பார்க்கும்போது விலாவில் குத்தியது. வேறு பெண்ணாக இருந்தால் வீட்டைத் தலைகீழாக்கியிருப்பாள். இவள் அதை உருவி என் பெட்டியில் போட்டுவிட்டுச் சிரித்தாள், அன்றிலிருந்து துணி வாங்க வரும்போதெல்லாம் முதல் கேள்வி, "குண்டூசி எல்லாம் எடுத்தாச்சா அம்மை?" என்பதுதான். அவள் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வெளிநாடு போகிறேன், ஏதோ தீவு என்று சொன்னபோது எந்தத் தீவு என்று துருவிக் கேட்டு, மால்ட்டா என்று தெரிந்ததும் அவள் பெட்டியில் உனக்குப் பார்சல் ஏற்றியது யார்? நான்தான். நெத்திலிக் கருவாடு, தேங்காய்ச் சம்மந்திப்பொடி, இரண்டு சட்டை, எல்லாவற்றையும் துணியில் சுற்றி மிஷினில் சிவப்பு நூலால் நாலு பக்கமும் அடித்துக் கொடுத்தேன். ஊரிலிருந்து போகிறவர்கள் கையில் கொடுத்துவிட்ட பார்சல் ஒன்றாவது முழுதாக உன்னிடம் வந்திருக்கிறதா? ரெஜியின் அண்ணன் கையில் கொடுத்தது பாதி அவன் வயிற்றுக்குத்தான் போயிற்று. இவள் கொண்டுவந்ததை வாங்கியதும் நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை அம்மா என்றாய். யார் கொண்டுவந்தது என்று கேட்டதற்கு யாரோ ஒரு பிள்ளை, தந்துவிட்டுப் போயிற்று என்றாய். தந்துவிட்டு எங்கே போயிற்று டிக்சன்? இத்தனை நாள் ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்டேன், என் கையாலேயே கருவாட்டோடு அனுப்பி வைத்தவளைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே என்று பஸ்ஸிலேயே சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவள் என் கைக்கட்டைப் பார்த்து, கூட யாரும் வரவில்லையா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து, ரெஷ்மா சோறு போடும்போது அவளிடம், ஜினிக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று சாதாரணமாகக் கேட்டேன். கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவளுக்கு முதலிலிருந்தே தெரியும். நான் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொன்னபோதும், போனைப் பிடுங்கியபோதும், அந்த ஒரு பேரைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள், சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "நான் சொன்னா நீங்க அண்ணனை ஏசுவிய, ஏசினா அவன் வராமப் போயிருவான்" என்றாள். அப்புறம்தான் அழுதாள், நானும் அழுதேன், ஒரு கையால் அணைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் விழுந்த அன்று நீ அங்கே அழுதாய் என்றும், எனக்குப் பூ அனுப்பலாம் என்று சொன்னது ஜினி என்றும், வேண்டாம், அம்மாவுக்குச் சந்தேகம் வரும் என்று நீ சொன்னாய் என்றும், அவள் கேட்கவில்லை என்றும். சிஎஸ்ஐ சபை வீட்டுப் பெண், நம் கோயில் இல்லை, அதைக் கேட்டு விஜின் வீட்டார் ஏதாவது பேசினால் ரெஷ்மாவின் கல்யாணம் தட்டிப்போகும், அதனால் இந்த வருடம் வராமலே இருந்துவிடலாம் என்று நீ முடிவு செய்தாய் என்பதையும் சொன்னாள். ஆக எனக்கு முதலில் வந்த பயம் சரிதான். வராமல் இருக்கத்தான் பார்த்திருக்கிறாய்.

எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். காதலித்ததற்கு இல்லை. நெட்வொர்க் இல்லை என்று நீ போனை வைத்ததால் தங்கை தலையில் பழி விழுந்ததே, அதற்கு. அம்மா ஏசுவாள் என்று பயந்து அம்மாவின் முகத்தையே பார்க்காமல் இருக்கத் துணிந்தாயே, அதற்கு. நீ வந்து என் முன்னால் நிற்கும்போது இரண்டு திட்டு விழும், அதை வாங்கிக்கொள். அப்பாவிடம் நல்ல விலைக்கு அயிலை விற்ற நாளாகப் பார்த்துச் சொன்னேன். சட்டைப்பையில் இருந்த காசை எடுத்து எண்ணி வைத்தார். பிறகு, அந்தப் பிள்ளை அவ்வளவு தூரம் நெத்திலிக் கருவாட்டைத் தொடாமலா கொண்டுபோனாள் என்று கேட்டார். தையல் பிரியவில்லை என்றேன். "எங்கில் கொள்ளாம்" என்று சம்மதமாகத் தலையாட்டினார். கோயில் விஷயத்தை அச்சனிடம் அவரே பேசுகிறாராம். ஆனால் ஒன்று, வெள்ளறடையில் அவள் வீட்டில் இது தெரியுமா? தெரியாது என்றால் இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன் அவள் தன் அப்பாவிடம் சொல்ல வேண்டும். மழையிலும் வெயிலிலும் ரப்பர் பால் வெட்டிப் படிக்கவைத்த மனிதர், தன் மகள் விஷயத்தை எங்கள் வாயிலிருந்து கேட்டு அறியக் கூடாது. அவள் சொன்ன பிறகு நாங்கள் போய் முறையாகக் கேட்கிறோம்.

விஜினின் அம்மாவையும் நேற்று நானே கூப்பிட்டேன். மற்றவர்கள் சொல்லி அவள் கேட்பதைவிட நான் சொல்வது நல்லது என்று தோன்றியது. பூ எனக்குத்தான் வந்தது, என் மகன் கட்டப்போகிற பெண் அனுப்பியது, மனச்சம்மதத்துக்கு அவனோடு வருகிறாள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ரெஷ்மா பக்கத்தில் நின்று உள்ளங்கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். இதோ எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். எந்த சபை என்று கேட்டாள், சொன்னேன். என் அண்ணன் மகனும் அப்படித்தான் கட்டியிருக்கிறான், ஒரு வருடம் யாரும் பேசவில்லை, இப்போது அவள் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு காரியம் நடக்காது என்றாள். அப்புறம், சரி, எங்களுக்கெல்லாம் யார் பூ அனுப்புகிறார்கள் என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டாள். அவள் முதல் நாள் சிரித்த சிரிப்பும் அதுதானோ என்று இப்போது நினைக்கிறேன். எப்படியோ, நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். இனி நீ வராவிட்டாலும், தனியாக வந்தாலும், அதியன்னூர் முழுக்க நான் பொய்க்காரி ஆவேன், தங்கபாய் ஒருத்தி போதும் அதற்கு.

பூ இன்னும் இருக்கிறது. குளிக்கிற பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி மிஷின் அறையில் வைத்தேன், நான் கத்தரியால் கிளறிய இரண்டு ரோஜாதான் முதலில் கொட்டியது, மற்றது ஒரு வாரம் தாண்டியும் நிற்கிறது. ஒரு சிவப்பு ரோஜாவை மாதா படத்துக்கு வைத்தேன். துணி தைக்க வந்த பெண்கள் எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஆட்டோக்காரர் நேற்று முக்கு வழியாகப் போனபோது கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கிளாஸ் ஹார்லிக்ஸ் கொடுத்தேன், இதுவும் ஏதோ விசாரணைக்குத்தான் என்று நினைத்தது போல அவர் என்னையே பார்த்துக்கொண்டு குடித்தார்.

டிக்கெட் போட்டதும் அப்பாவுக்குச் சொல், விமான நிலையத்துக்கு அவர் மீன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டு வருவேன் என்கிறார், நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் சொல். ரெஜிக்கு என் அன்பைச் சொல், பாத்திரம் கழுவியதற்கு நன்றியும் சொல். வெயிலில் தலை காயாமல் வண்டி ஓட்டு. மாதா உங்கள் இரண்டு பேரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், நெற்றியில் நான் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள்.

இனி கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டு இந்தக் கடிதத்தைக் கையில் கொடு, அவள் படிக்கட்டும். ரெஷ்மாவின் மனச்சம்மதத்துக்கு அவளுக்கும் ஒரு சுடிதார் வெட்டி வைத்திருக்கிறேன், பழைய அளவுதான், ரெஷ்மா மிதிக்க நான் ஒரு கையால் துணியைப் பிடிக்கிறேன், பாக்கெட் உண்டு. பக்கவாசல் தைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்கு. அவள் இனி முன்கேட்டு வழியாக வர வேண்டும், சீசரை நான் பிடித்துக்கொள்கிறேன். வந்ததும் அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு மக்கா, குண்டூசி எல்லாம் எடுத்தாச்சு.

அன்பு அம்மா,
ப்ளோரன்ஸ் பயஸ்